இருபத்து மூன்று புள்ளி நாற்பது

மலாடு மேற்கு, ஜூலை, தகரக் கூரை.
பதினேழாம் பெட்டியின் மரத்தடுப்புகளில்
உருளை உருளையாய்ப் படுத்திருக்கிறது
நேற்றுவரை யாரும் பார்த்திராத கல்.

ஷிண்டே சார் போனில் சொல்கிறார்:
"எல்லாத்தையும் பசால்ட்டுன்னு
ஒரே வரியில எழுதிடு, பிரம்மசக்தி.
உள்ள போய் யாரு பாக்கப்போறா?"

உள்ளே போய்விட்டு வந்ததுதான் சார்
என் எதிரே ஈரமாய்க் கிடக்கிறது.

மேலே மூன்றரை வரிசை வெளுப்பு.
வெளுப்பு என்றால் சுண்ணாம்பில்லை,
டீ ஆறி ஆடை கட்டிய நிறம்.
லென்ஸ் வைத்தால் கோடுகள்,
மடிந்து திரும்பி மறுபடி மடிந்து,
நடக்கமாட்டாமல் நடந்த தடம்.
கீழே மிச்சமெல்லாம் கறுப்பு.
அதில் கோடே இல்லை, வெள்ளைப் புள்ளிகள் மட்டும்.

கறுப்பு ரசம் மாதிரி ஓடியிருக்கிறது.
பள்ளம் கண்ட இடமெல்லாம் இறங்கி, நிரப்பி,
நிற்கத் தெரியாமல் காதம் காதமாய்.
வெளுப்பு களி.
அந்தேரிப் படிக்கட்டில் மாலை ஆறேகால் போல:
எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்,
ஒருவரும் நகரவில்லை.

மூச்சு விடுவதிலும் இரண்டும் வேறு.
கறுப்பு எளிதாய் விட்டுவிடும்.
விட்ட இடம் ஆப்பத்தின் கண்கள் போல் நிற்க,
வெகுகாலம் கழித்து நீர் கசிந்து வந்து
ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளை வார்த்திருக்கிறது.
ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தேன்.
சில கண்கள் சீறின. சில சும்மா இருந்தன.
வெளுப்பு மூச்சை விடவே விடாது.
பிடித்துப் பிடித்து வைத்து
ஒருநாள் மலையின் தலையையே எடுத்துவிடும்.
அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்,
என் ஆபீஸில் பக்கத்து மேஜை.

இரண்டுக்கும் உலை ஒன்றாக இருக்கலாம் என்று
பரீட்சைக்குப் படித்தேன்.
கனத்ததெல்லாம் அடியில் படியப் படிய
மேலே எஞ்சித் தெளிந்தது இந்த வெளுப்பு.
தெளிந்தது நீர்த்திருக்கும் என்றுதான் நினைப்போம்.
இங்கே தெளிந்ததுதான் கெட்டி.

தமிழில் எழுதச் சொன்னால் திண்டாடுவேன்.
கருங்கல் என்றால் அது வேறு,
ஆழத்தில் கிடந்து அவசரமில்லாமல் ஆறியது.
இவை வெளியே வந்து விழுந்தவை.
படிகம் கட்ட நேரம் கிடைக்காத மழமழப்பு
இரண்டிலும் விரலுக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

தாராவியிலிருந்து ஐந்தரைக்கே வந்து
டிரில்லுக்குத் தண்ணீர் திறக்கும் கொம்பையாவுக்கு
இரண்டும் கல். ஆனால்,
"கறுப்பு சத்தந்தான் போடும்.
பிட்டைத் தின்னுறது அந்த வெளுத்ததாக்கும்."
பல் தேய்ந்த வைர பிட்டைத் தூக்கிக் காட்டுகிறார்.
பதினொரு நாளில் நாலு பிட்.
நாளை சுரங்கம் குடையப்போகிறவர்களிடம்
இதை யார் சொல்வது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை. டீ குடித்தோம்.

இரண்டும் தொடுகிற இடம் ஒரு விரற்கடை.
செங்கல் சிவப்பு. நகம் பட்டால் உதிர்கிறது.
கறுப்பு ஆறி, அதன்மேல் மழை பெய்து,
கொஞ்சம் மண்ணாகி,
அந்த மண்ணைச் சுட்டுக்கொண்டு
வெளுப்பு வந்து படுத்த இடைவெளி.
நடுவில் எத்தனை ஆயிரம் வருஷமோ.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை,
ஆழத்துக்கு மட்டும் இருக்கிறது.

போன் மறுபடி அடிக்கிறது.
அடிக்கட்டும்.
மார்க்கர் எழுத்து இந்த மழையில் நிற்காது.
கொம்பையாவிடம் ஆணி கேட்டு வாங்கி,
சிவப்புக்கு நேரே பெட்டியின் விளிம்பில்
ஒரு கோடு கீறி, மேலே ரையோலைட்,
கீழே பசால்ட், நடுவே
23.40.
புள்ளியைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன்.